இருபதுக்காரர்

கொண்டைக்கடலை கூடாது என்று சொன்னதைத்தான் ஷெத்லியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் பொல்லாத நோய் வந்திருக்கிறது என்றபோது தலையை ஆட்டினார். கதிர்வீச்சு வைக்க வேண்டும் என்றபோதும் ஆட்டினார். "லப்லாபி சாப்பிடாதீங்க ஹாஜி, கடலை வாயுவைக் கிளப்பும், குடல் உப்பினா சுரப்பி இடம் மாறிடும்" என்று சூஸ் நகர ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி ஆவிக்குள்ள போறவன் நான். ஒரு கிண்ணம் லப்லாபிக் கடலைச்சாறு உள்ள இறங்காம எவன் முதுகைத் தேய்க்க முடியும்? கேட்டுச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

"அவங்க உன் எதிர்லதான உக்காந்திருக்காங்க. நீயே கேளு மனுஷா" என்றாள் நெஜியா.

டாக்டர் அமானிக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஆவியும் கொஞ்ச நாளைக்குக் கூடாது ஹாஜி" என்றார். ஷெத்லி மறுபடி உட்கார்ந்தார்.

கைரவான் கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய ஹம்மாமில், ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில், அவர் தேய்ப்புக்காரர். காலையில் ஆண்கள் குளிப்பார்கள். மதியத் தொழுகைக்குப் பிறகு கதவில் ஒரு துணி தொங்கும். துணி தொங்கினால் உள்ளே பெண்கள் என்று அர்த்தம். அப்போது நெஜியா போவாள். ஒரே கல்மேடை, ஒரே வெந்நீர்த் தொட்டி, சொரசொரப்பான ஒரே மாதிரிக் கையுறை. அவர் விட்டுப்போன வாளியை எடுத்து அவள் வேலையைத் தொடங்குவாள். முப்பது வருஷமாக ஒரே கல்லில் பிழைத்தார்கள். ஆனால் அவர் தேய்ப்பதை அவளோ, அவள் தேய்ப்பதை அவரோ பார்த்ததில்லை.

"ரெண்டு வழி இருக்கு ஹாஜி" என்று டாக்டர் அமானி தொடங்கினார். "பழைய வழியில கதிரைக் கொஞ்சம் கொஞ்சமா இருபது தடவை வைப்போம். வாரத்துல அஞ்சு நாள், நாலு வாரம். புது வழியில ஒவ்வொரு தடவையும் நிறைய வெச்சு, அஞ்சு தடவையில முடிச்சிடலாம். எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. நீங்க சம்மதிச்சா உங்க பேரைக் கம்ப்யூட்டர்ல போடுவோம். சீட்டுக் குலுக்கற மாதிரி அது உங்களை ஒரு பக்கத்துல சேர்த்திடும்."

"எனக்குத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஷெத்லி.

"சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு."

"நான் அஞ்சு."

"அதை நீங்க சொல்லக் கூடாது ஹாஜி. கம்ப்யூட்டர் சொல்லணும்."

அஞ்சு என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஹம்மாம் முதலாளி ஹாஜ் மொன்ஸிஃப் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஜூன் பொறந்தா மாப்பிள்ளைக் குளியல் வரிசை கட்டி நிக்கும். அதுக்குள்ள வந்துடு. வரலைன்னா கல்லைக் காலியா வெச்சிருக்க முடியாது ஷெத்லி, கோவிச்சுக்காத." இன்னொரு ஆள் ஒருமுறை ஏறிவிட்டால் கல் அவனுடையது. அறுபத்து மூன்று வயதில் வேறு எந்த ஹம்மாமும் சேர்க்காது. அவருக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் இருபது என்றது.

நெஜியா அன்று லுவாஜ் வேனில் ஊர் திரும்பும்போது வழி நெடுக ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் வேன் அது. அன்றைக்கு ஏழு பேரோடு வெகுநேரம் நின்றது. தெற்கிலிருந்து சூட்டுக்காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. பேசினால் வாய்க்குள் மணல் போகும் என்பதால் அவர் பேசாமலிருக்கிறார் என்று முதலில் நினைத்தாள்.

"ஏப்ரல் கடைசியில ஆரம்பிச்சாலும் மே முடியறதுக்குள்ள இருபதும் முடிஞ்சிடும்" என்றாள்.

"மெஷினு நிக்காம ஓடினா."

மெஷின் நின்றது. முதல் வாரத்திலேயே இரண்டு முறை நின்றது. கதிர் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், குடல் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே புட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆண்களெல்லாம் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். பேரைக் கூப்பிடும் நேரத்துக்குக் கதவு திறக்கும், மெஷினை ஓட்டும் பையன் வலீத் உள்ளேயிருந்து வந்து, "சூடாயிடுச்சு, ஆறணும்" என்பான். அத்தனை பேரும் எழுந்து கழிப்பறைக்கு ஓடுவார்கள். மறுபடி புட்டி, மறுபடி சுவரோரம்.

"ஆடு மாட்டுக்குக்கூட இப்படித் தண்ணி காட்ட மாட்டாங்க" என்றார் பக்கத்தில் இருந்த ஸலாஹ். ஸ்பிகாவில் பள்ளிக்கூடத்துக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருக்கும் அதே நோய், அதே ஆராய்ச்சி. அந்தச் சுவரோரத்தில் யாருக்கும் பேர் கிடையாது. ஸலாஹ் அஞ்சுக்காரர். ஷெத்லி இருபதுக்காரர்.

"உனக்கு என்னய்யா, நாளான்னைக்கு முடிஞ்சிடும்" என்றார் ஷெத்லி.

"முடிஞ்சு? வீட்டுக்குப் போயி மருமக மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரணும். இங்கன்னா நாலு பேரு இருக்காங்க, கடல் காத்து வருது, பொழுது போகுது. எனக்கு இருபது விழுந்திருக்கலாம்."

ஷெத்லி அவர் பக்கம் திரும்பினார். நெஜியாவுக்கு அந்தத் திரும்பலின் அர்த்தம் தெரியும். கழுதை வாங்கும்போதும், மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போதும் அப்படித்தான் திரும்பினார்.

"மாத்திக்கலாமா?"

"நான் ரெண்டு முடிச்சிட்டேனே."

"உன்னோட மிச்சம் மூணு எனக்கு. என்னோட மிச்சம் பதினாறு உனக்கு."

"மனுஷா, அது என்ன பஸ் சீட்டா?" என்றாள் நெஜியா.

"நீ சும்மா இரு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ரெண்டு பேருக்கும் சம்மதம். இதுல யாருக்கு நட்டம்?"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணை மூடி, நிலம் விற்றால் ஓதுவதைப்போல ஃபாத்திஹா ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வரிசையில் இருந்த மற்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். பிறகு நிறைந்த வயிற்றோடு, மெதுவாக அடி வைத்து, இருவரும் டாக்டர் அமானியின் அறைக்குப் போனார்கள். நெஜியா பின்னாலேயே போனாள்.

டாக்டர் முழுதும் கேட்டார். "ஃபாத்திஹாவே ஓதிட்டீங்களா?" என்றார்.

"ஓதியாச்சு மகளே. சாட்சி எல்லாரும் வெளிய இருக்காங்க."

"ஹாஜி, ஒவ்வொருத்தர் உடம்பையும் படம் எடுத்து, அதுக்குன்னு கணக்குப் போட்டுத்தான் கதிர் வைக்கறோம். அவர் அளவுக்குத் தைச்ச சட்டை உங்களுக்குப் பொருந்தாது. அதுகூடப் பரவாயில்லை, மறுபடி தைக்கலாம். ஆனா ஆளு பாத்து மாத்திக் குடுத்தா நாளைக்கு எனக்கு என்ன தெரியும்? வேலைக்கு ஓடற தெம்பான ஆளெல்லாம் அஞ்சு கேப்பாங்க. தள்ளாத ஆளெல்லாம் இருபதுக்குப் போவாங்க. அப்பறம் அஞ்சு நல்லா வேலை செஞ்சுதுன்னா, ஜெயிச்சது கதிரா ஆளான்னு எப்படிச் சொல்றது?"

ஸலாஹ் யோசித்தார். "அதுவும் நியாயந்தான்" என்றார்.

"உன்கிட்ட நியாயம் கேக்கலை" என்றார் ஷெத்லி. "எனக்கு ஜூன் மாசம் கல்லு போயிடும் டாக்டர். உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?"

"தெரியாது ஹாஜி. தெரியக் கூடாதுங்கறதுக்காகத்தான் அதுகிட்ட விட்டிருக்கோம்."

ஸலாஹ், "எனக்கு முட்டுது" என்று எழுந்தார்.

ஷெத்லியின் அடிவயிற்றில் ஒன்று, இடுப்பின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று என்று மூன்று சிலுவைக் கோடுகள் இருந்தன. மெஷினை நேராக நிறுத்த வலீத் பார்ப்பது அவற்றைத்தான். சிறு புள்ளியாகப் பச்சை குத்திவிட்டால் அழியாது என்று அவன் முதலில் சொன்னான். தொழுகிற உடம்பில் பச்சை குத்த விடமாட்டேன் என்று ஷெத்லி மறுத்துவிட்டார். ஆகவே பேனாவால் போட்டு, மேலே கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தான். தேய்க்கக் கூடாது, வெந்நீர் கூடாது. ஆவி கூடவே கூடாது.

"என்கிட்டப் போயி சொல்றான் பாரு" என்பார் ஷெத்லி வீட்டில், சட்டையைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தபடி. "மனுஷன் தோலு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா என் கை சும்மா இருக்குமா?"

"இருக்கணும்."

"அரிக்குது."

"அரிக்கட்டும்."

சமையலும் மாறிப்போயிற்று. கடலை இல்லை, பீன்ஸ் இல்லை, முட்டைக்கோஸ் இல்லை, காரமான ஹரிஸ்ஸா விழுதும் இல்லை. வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டு, தனக்குச் செய்துகொண்டதை அடுப்பங்கரையில் நின்றபடியே தின்றாள். அப்படியும் வாசனையைக் கண்டுபிடித்துவிடுவார். "திருடி" என்பார் உள்ளேயிருந்து.

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை ஹாஜ் மொன்ஸிஃப் ஆளனுப்பினார். கம்பளி வியாபாரி வீட்டுக் கல்யாணம் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பனுக்கும் ஷெத்லிதான் கல்யாணக் குளியல் தேய்த்தவர். மகனுக்கும் அவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் வந்து போனால் போதும்.

நெஜியா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஷெத்லி அடிவயிற்றைச் சுற்றி, மாவு மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளை நான்கு சுற்றுச் சுற்றி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் திரும்பி வந்தபோது அவர் சட்டையைத் தூக்கியபடி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக்குக்குள் வியர்வை ஊறி, ஒட்டியிருந்த தாள் மூன்றும் கழன்று, கோடு இருந்த இடத்தில் ஊதாவாய் ஒரு கறை மட்டும் இருந்தது.

"வெளிய இருந்து சொட்டுத் தண்ணி உள்ள போகலை" என்றார். "எல்லாம் உள்ளேயிருந்து வந்தது."

"நீ என்ன புதுசா ஹம்மாமுக்குப் போற ஆளா? வேர்க்கும்னு தெரியாதா?"

"மாப்பிள்ளையப் பாத்ததும் மறந்துட்டேன். அப்பன் மாதிரியே முதுகு."

திங்கட்கிழமை வலீத் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து என்பான். மறுபடி படம், மறுபடி கணக்கு, மறுபடி காத்திருப்பு. ஜூன் வந்துவிடும். இருவரும் முற்றத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். கறை அன்று மாலைக்குள்ளேயே மங்கிவிடும் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

நெஜியா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஹர்கூஸ் சிமிழை எடுத்து வந்தாள். மாசிக்காயும் கிராம்பும் சட்டியில் புகைத்து எடுத்த கருமை அது. கல்யாணப் பெண்களின் கையிலும் காலிலும் அவள்தான் அதில் கோலம் வரைவாள். ஒருமுறை வைத்தால் தோல் உரிந்து மாறும்வரை இருக்கும்.

"படு" என்றாள்.

"சரியா வருமா?"

"எத்தனை பொண்ணுங்களுக்குப் போட்டிருக்கேன். கறை தெரியுதில்ல, அது மேலேயே போறேன். மூச்சை இழுக்காத."

மெல்லிய குச்சியால் மூன்று சிலுவைகளை வரைந்தாள். பேனாக் கோட்டைவிட அது அழகாக இருந்தது. இனி ஆவிக்குப் போனாலும் அழியாது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை வலீத் கதவைத் திறந்து வெளியே வந்தான். நெஜியாவைப் பார்த்தான். "கால்தி, உள்ள வாங்க" என்றான். பெரியம்மாவை அழைப்பதுபோல எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். குரல்தான் வேறாக இருந்தது.

மெஷினுக்கடியில் ஷெத்லி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். டாக்டர் அமானியும் அங்கே இருந்தார்.

"இது யாரு போட்டது?" என்றார் டாக்டர்.

"நான்தான்."

"ஒவ்வொரு கோட்டு நுனியிலும் ஒரு சின்ன மொட்டு இருக்கு கால்தி."

நெஜியா குனிந்து பார்த்தாள். இருந்தது. கை வழக்கத்தில் தானாக வைத்துவிட்டிருக்கிறது. படுத்திருந்த ஷெத்லியின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"வெக்கறதுக்கு முன்னாடி படம் எடுத்துப் பாக்கறோம், அதனால தப்பிச்சோம்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது, அதை மறைக்க அவர் முயலவில்லை. "ஒரு விரல்கடை தள்ளியிருக்கு. இப்படியே வெச்சிருந்தா கதிர் குடல்ல விழும். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பழைய கறை மேலதான் போட்டேன்."

"கறை வழிஞ்சு இறங்கியிருக்கு."

மறுபடி படம் எடுக்க வேண்டும். புதுக்கோடு போட வேண்டும். ஆனால் கறுப்புச் சிலுவை அருகிலேயே இருந்தால் என்றைக்காவது அவசரத்தில் யாராவது தவறான கோட்டைப் பிடித்துவிடுவார்கள். முதலில் அது போயாக வேண்டும். வலீத் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தான். எண்ணெய் போட்டுப் பார்த்தான். ஹர்கூஸ் அசையவில்லை.

"எதுலதான் போகும் இது?" என்றான்.

"ஆவியில நல்லா ஊற வெச்சுத் தேய்ச்சா மேல்தோலோட வரும்" என்றார் ஷெத்லி படுத்தபடியே.

டாக்டர் அமானி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தோல் சிவந்திருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் கடைசியில். பார்த்தார். "ஒரே ஒரு தடவை. ரொம்பச் சூடு வேண்டாம். ரத்தம் கட்டற மாதிரி தேய்க்கக் கூடாது."

மறுநாள் ஆண்கள் வெளியேறி, பெண்கள் வருவதற்கு முன் இருந்த இடைவேளையில் நெஜியா கதவில் துணியைத் தொங்கவிட்டாள். ஹாஜ் மொன்ஸிஃப் வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காவலிருந்தார். தன்னால் வந்த வினை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே ஆவி அடங்கிக் கிடந்தது. ஷெத்லி துண்டோடு கல்லில் படுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கல்லில் படுத்து அவள் பார்ப்பது முதல் தடவை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீட்டில் சட்டைக்குள் அது தெரியவில்லை. அவள் வெந்நீரை மொண்டு ஊற்றி, ஊறவிட்டு, கையுறையை மாட்டினாள்.

"பொம்பளைங்களுக்கும் இப்படித்தான் தேய்க்கறியா?" என்றார் சிறிது நேரத்தில்.

"எப்படி?"

"குழந்தையத் தடவற மாதிரி. உன்கிட்டக் காசு குடுத்துட்டா போறாங்க?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க, பாத்துத் தேய்னு."

"அது வயித்துக்கு. முதுகை நல்லாத் தேய். இவ்வளவு தூரம் வந்து படுத்தாச்சு."

முதுகைத் தேய்த்தாள். தோள்பட்டையிலிருந்து கீழே, உள்ளங்கையை அழுத்தி, ஒரே இழுப்பாக. அழுக்கு திரிதிரியாக வந்தது. மூன்று வாரமாகக் கையுறை படாத முதுகு. பிறகு கல்லில் முகத்தை வைத்தபடியே, "நல்லாத்தான் தேய்க்கறே" என்றார். "தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்."

அவள் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். மொட்டு வைத்த சிலுவைகளை ஒவ்வொன்றாக, மெதுவாக, நுனியிலிருந்து எடுத்தாள். வெளியே பெண்கள் வந்து சேரும் சத்தம் கேட்டது. ஏன் இன்னும் திறக்கவில்லை என்று யாரோ ஹாஜ் மொன்ஸிஃபிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

படம் எடுக்கும் மெஷினுக்கு வரிசை நீளமாக இருந்தது. அது கிடைத்தபின் கதிர் மெஷினுக்கு ஒரு பாகம் கெட்டு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இருபதும் முடிந்தபோது ஜூன் பாதி கடந்திருந்தது. கல்லில் பிலால் என்ற இளைஞன் ஏறியிருந்தான். நல்ல பையன், ஷெத்லியின் கையைப் பிடித்து முத்தமிட்டான், இறங்கவில்லை. மாப்பிள்ளைகள் அவனிடம் பழகிவிட்டார்கள் என்றார் ஹாஜ் மொன்ஸிஃப், முகத்தைப் பார்க்காமல். வாசலில் உட்கார்ந்து துண்டு கொடுக்கும் வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார். ஷெத்லி அதை எடுத்துக்கொண்டார்.

கதிர் வைத்த கடைசி நாள் டாக்டர் அமானியைப் பார்க்கப் போனபோது ஷெத்லி கேட்டார்: "நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேனே. இனிமே உங்க ஆராய்ச்சியில என்னைச் சேர்க்க மாட்டீங்க, இல்லையா?"

"சேர்ப்போம் ஹாஜி. குலுக்கல்ல இருபதுன்னு விழுந்தா கடைசிவரைக்கும் நீங்க இருபதுதான். கோடு அழிஞ்சாலும், பாதியில விட்டுட்டுப் போயிருந்தாலும். நாலு வாரம் வான்னு சொன்னா மனுஷங்க என்னென்ன செய்வாங்கங்கறதும் அந்த இருபதோட சேர்ந்ததுதானே."

"அப்ப என் கையும் அதுல இருக்கா?" என்றாள் நெஜியா.

"இருக்கு கால்தி. நல்ல பேரு வாங்கித் தராது."

துண்டு கொடுக்கும் முக்காலியில் ஷெத்லி இரண்டு குளிர்காலம் உட்கார்ந்திருந்தார். உள்ளே தேய்க்கும் சத்தத்தை வைத்தே பிலால் எங்கே சோம்புகிறான் என்று சொல்லிவிடுவார், யாரும் கேட்கமாட்டார்கள். நோய் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் வரும். ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள், எரிச்சல் உண்டா, ரத்தம் உண்டா என்று ஒரு பெண் கேட்பாள். சலிக்காமல் பதில் சொல்வார். லப்லாபி சாப்பிடுகிறேன், அதையும் எழுதிக்கொள் என்பார். மூன்றாவது குளிர்காலம் தொடங்கும்போது, ஒரு மதியம், முக்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுவிட்டது. நெஜியா கதவில் துணி மாட்ட வந்தபோது அவர் மடியில் மடித்த துண்டுகள் சரியாமல் இருந்தன.

அடுத்த போன் வந்தபோது அவள்தான் எடுத்தாள். "எழுந்து போறதில்லை" என்றாள் முதல் கேள்விக்கு. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். அந்த நோயால்தானா என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இல்லை என்றாள் நெஜியா.

சில வருஷங்கள் கழித்து டாக்டர் அமானியே போன் செய்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். பல ஊர்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்களாம்.

"எது நல்லதாம்?" என்றாள் நெஜியா.

"ரெண்டும் ஒண்ணுதான் கால்தி. அவர் மாதிரி இருந்தவங்களுக்கு அஞ்சே போதும்."

நெஜியா போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"அப்ப அந்தப் பதினஞ்சு?"

"அவர் அந்தப் பதினஞ்சுக்கு வந்ததாலதான் இப்ப எங்களுக்குத் தெரியுது."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார் என்பது நெஜியாவுக்குத் தெரிந்தது. நல்லது மகளே, அல்லாஹ் உன் கையில் பரக்கத் தரட்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

அந்த வருஷ இலையுதிர்காலத்தில், கல்லில் ஒருத்தி குப்புறப் படுத்திருந்தாள். புதிதாக வந்தவள், ஹஃபூஸ் ஊர்ப்பக்கம். படுத்ததிலிருந்தே புலம்பல்தான். புருஷனுக்கு உடம்பு சரியில்லை, கீழே சுரப்பியில், அந்தப் பொல்லாதது. அடுத்த வாரத்திலிருந்து சூஸுக்குப் போகவேண்டும்.

"எத்தனை நாளு?" என்றாள் நெஜியா.

"அஞ்சு தடவை கால்தி. அஞ்சு. போயிட்டு வரவே ஒரு பகல் போயிடுது. அவரு வேலை என்னாகறது, ஆட்டை யாரு பாக்கறது? முன்னாடியெல்லாம் இன்னும் நிறைய தடவை போகணுமாம், இப்பத்தான் யாரோ கண்டுபிடிச்சு அஞ்சுன்னு ஆக்கினாங்களாம். கண்டுபிடிச்சவங்க ரெண்டுன்னு கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

நெஜியாவின் கை அவள் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இறங்கியது.

"வலிக்குது கால்தி."

"அசையாமப் படு" என்றாள் நெஜியா. வாளியை இழுத்து வெந்நீரை ஊற்றினாள்.